கழுவி வைத்த முகமூடிகள்: செஞ்சியில் ஒரு விஜயதசமி வயிற்றெரிச்சல்

விஜயதசமி அன்று செஞ்சிக்குப் போய்வந்தேன். கோட்டை பார்க்கப் போனேன் என்று எழுதினால் இந்த வலைப்பூவை வழக்கமாகப் படிக்கிற நீங்கள் நம்பிவிடுவீர்கள். எனக்குத்தான் பொய் சொல்ல வாய் வரவில்லை. நான் போனது ஷமீமின் கல் பட்டறையில் ஒரே ஒரு குறையாவது கண்ணில் படுமா என்று பார்க்க. போகிற ஊரில் கோட்டை இருந்ததால் அதையும் பார்த்தேன், அவ்வளவுதான்.

யார் இந்த ஷமீம் என்று கேட்பீர்கள். எனக்குப் பிழைப்பு அம்பத்தூர்ப் பக்கம் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில், சேஃப்டி ஆபீசர் வேலை. ஊர் சுற்றுவதும் எழுதுவதும் விடுமுறைக்குத்தான். ஷமீமும் நானும் தொழில் பாதுகாப்பு டிப்ளமோ ஒன்றாகப் படித்தோம். வகுப்பில் முதல் மார்க் நான். அவள் கடைசி பெஞ்ச், ரெக்கார்டு நோட்டெல்லாம் என்னுடையதைப் பார்த்து எழுதியவள். படிப்பு முடிந்ததும் நான் பெரிய கம்பெனிக்குப் போனேன். அவள் செஞ்சியில் அவளுடைய அத்தா, அதாவது அப்பா, நடத்திய கிரானைட் பட்டறையைப் பார்த்துக்கொள்ளப் போய்விட்டாள். "பாவம், படிச்சும் கல்லுடைக்கப் போயிட்டா" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான்தான்.

இப்போது எங்கள் வகுப்பு வாட்ஸப் குழுவைத் திறந்தால் அவள் பட்டறைப் படம்தான் வருகிறது. கல் அறுக்கிறவர், இழைக்கிறவர், பாலிஷ் போடுகிறவர், எல்லார் முகத்திலும் முகமூடி, கண்ணில் கண்ணாடி, காலில் ஷூ. மூக்குக்குக் கீழே இறங்கிய ஒரு முகமூடியைக்கூட நான் அந்தப் படங்களில் பார்த்ததில்லை. பெரிதாக்கிப் பெரிதாக்கித் தேடியிருக்கிறேன். எங்கள் ஆலையில் முகமூடி கழுத்தில் தாலி மாதிரி தொங்கும். நான் வருவது தெரிந்தால் மேலே ஏறும், திரும்பினால் இறங்கிவிடும். சொல்லிச் சொல்லி எனக்குத் தொண்டை கட்டியதுதான் மிச்சம். அவளுக்கு மட்டும் எப்படி? என்ன மந்திரம் போடுகிறாள்?

அப்படி வெந்துகொண்டிருந்தபோதுதான் அவளிடமிருந்து குரல் செய்தி வந்தது. "கலா, விஜயதசமிக்கு மிஷின் எடுக்குறோம், வாடி. இத்தினி வருஷமா ஊர் ஊரா சுத்துற, எங்கூருக்கு ஒருதடவ வந்தியா நீ?" ஆயுத பூஜைக்குக் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்து வேலையை நிறுத்திவிடுவார்கள். மறுநாள் நல்ல நேரம் பார்த்து ஒரு தடவையாவது ஓட்டிவிட வேண்டும். அப்போதுதான் வருஷம் முழுக்கத் தொழில் ஓடும் என்பது நம்பிக்கை. அத்தா காலத்திலிருந்தே அங்கே வேலை செய்கிறவர்களுக்காக இந்தப் பூஜை நடக்கிறது.

கிளாம்பாக்கத்தில் காலை ஐந்தே முக்காலுக்குத் திருவண்ணாமலை பஸ். திண்டிவனம் வழியாகப் போகிறதா என்று கேட்டுவிட்டு ஏறுங்கள். டிக்கெட் நூற்று நாற்பது ரூபாய். விடுமுறை நாள் என்பதால் நிற்கக்கூட இடமில்லை. மேல்மருவத்தூரில் பாதிப் பேர் இறங்கிய பிறகுதான் எனக்கு சீட் கிடைத்தது. திண்டிவனத்திலிருந்து செஞ்சி இருபத்தெட்டு கிலோமீட்டர். எட்டே முக்காலுக்கு இறங்கி, பஸ் ஸ்டாண்டு எதிரே இட்லி வடகறி சாப்பிட்டேன், ஐம்பத்தைந்து ரூபாய். வடகறி நன்றாக இருந்தது. நன்றாக இருப்பதை நன்றாக இருக்கிறது என்று சொல்லக்கூடியவள்தான் நான், ஷமீம் விஷயத்தில் மட்டும் வாய் வராது.

கோட்டைக்கு நுழைவுக் கட்டணம் இருபத்தைந்து ரூபாய். ராஜகிரி ஏறி இறங்க மூன்று மணி நேரமாவது கையில் வேண்டும், எனக்கு அவ்வளவு இல்லை. சாலைக்கு மறுபக்கம் இருக்கிற கிருஷ்ணகிரி மலையில் ஏறினேன். ஒன்றரை மணி நேரத்தில் ஏறி இறங்கிவிடலாம். தானியக் களஞ்சியம், கோயில், குவிமாடம் வைத்த காற்றோட்டமான மண்டபம் எல்லாம் மேலே இருக்கின்றன. ஆனால் வந்திருந்த அத்தனை பேரும் அங்கே நின்றுகொண்டு எதிரே இருக்கிற ராஜகிரியைத்தான் படம் எடுத்தார்கள். கிருஷ்ணகிரியை நினைத்து எனக்குப் பாவமாக இருந்தது. இதுவும் அதே கல்தானே, இதற்கும் ஏறத்தானே செய்தோம்? குரங்குகள் உண்டு, தின்பண்டத்தைப் பைக்குள் வையுங்கள்.

பதினோரு மணிக்கு ஆட்டோ பிடித்தேன். பட்டறை விழுப்புரம் சாலையில் நான்கு கிலோமீட்டர். நூற்றிருபது ரூபாய் கேட்டார். ஷமீம் கல் பட்டறை என்றதும் டிரைவர் சிரித்தார்.

"மூஞ்சி மூடுற பட்டறைன்னு சொல்லுக்கா. எம்மச்சான் அங்கதான் பாலிஷ் போடுறான். முன்னெல்லாம் ஊட்டுக்கு வந்தா மாவு மில்லுலேர்ந்து வந்த மாதிரி இருப்பான். இப்ப பாத்தா ஆபீஸ்ல வேலை செய்றவன் மாதிரி வர்றான்."

"எல்லாரும் போடறாங்களா? நிஜமாவா?"

"போடலன்னா அந்தக்கா திட்டாது. சும்மா மிஷினை ஆஃப் பண்ணிட்டு பக்கத்துல வந்து குந்திக்கும். அவன் போடுற வரைக்கும் கதை பேசும். வெக்கமா பூடும்ன்னு போட்டுக்குவானுங்க."

ஆட்டோக்காரர் வாயில் வரைக்கும் புகழ் பரவியிருக்கிறது. நான் வேலை செய்கிற கம்பெனி எது என்றுகூட எங்கள் தெரு ஆட்டோக்காரருக்குத் தெரியாது.

பட்டறை வாசலில் வாழைக்கன்று, தோரணம். உள்ளே நுழைந்ததும் சுவரில் ஒரு கண்ணாடி, அதன் கீழே ஷேவிங் செட். "தாடி இருந்தா மாஸ்க் ஒட்டாது, சைடுல தூசி பூந்துடும். அதான் இங்கயே வெச்சிட்டேன்" என்றாள் ஷமீம், என்னைக் கட்டிப்பிடித்தபடி. கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு தாடி வளர்க்கிறவர்களை என்ன செய்வாய் என்று மடக்கினேன். விரதம் முடிகிற வரை அவர்களுக்கு வண்டியில் கல் ஏற்றுகிற வேலை, சம்பளம் குறையாது என்றாள். தாடியை எடுக்கவே மாட்டேன் என்கிற அவளுடைய மாமா பையனுக்கும் அதே வேலைதானாம். எங்கள் ஆலையில் தாடி என்று ஒன்று இருப்பதையே நான் இத்தனை நாள் யோசிக்கவில்லை.

பெண்களுக்குச் சின்ன அளவு முகமூடி, ஆண்களுக்கு இரண்டு அளவு. எங்கள் பர்ச்சேஸ் ஆபீசில் எல்லாருக்கும் ஒரே சைஸ், அதுவும் எது மலிவோ அது. கையுறை எங்கே, படங்களில் மிஷின் ஓட்டுகிறவர் கையில் காணோமே என்று நான் உற்சாகமாகக் கேட்டேன். "சுத்துற பிளேடு கிட்ட தொளதொள கையுறை போட்டா விரலோட சேர்த்து இழுத்துக்கும்டி. கல்லைத் தூக்கும்போது மட்டும்தான்" என்றாள். எனக்கே தெரிந்த விஷயம். ஆத்திரத்தில் மறந்துவிட்டது. அறுக்கிற இடத்தில் எல்லாம் தண்ணீர் குழாய் வைத்திருந்தாள். தூசி கிளம்பாமல் முதலில் தண்ணீரால் அடக்கு, அதையும் மீறி வருவதற்குத்தான் முகமூடி. பாடத்தில் இந்த வரிக்கு நான் கோடு போட்ட ஞாபகம். அவள் குழாயே போட்டிருக்கிறாள்.

அங்கே கட்டிங் மிஷினுக்குப் பொறுப்பு ஏழுமலை. தொண்டூர்க்காரர், நாற்பது வயது இருக்கும். அவருடைய அண்ணன் முப்பது வருஷம் மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு கல் அறுத்தவர். இப்போது சுவரில் சாய்ந்து உட்கார்ந்தால்தான் அவரால் மூச்சு விட முடிகிறது. காசநோய் என்று மாத்திரை கொடுத்துப் பார்த்து, கேட்காமல், கடைசியில்தான் நுரையீரலில் கல் தூசி படிந்த நோய் என்று கண்டுபிடித்தார்கள். அதைக் குணமாக்க மருந்து கிடையாது. ஏழுமலைக்கும் போன எக்ஸ்ரேயில் லேசாக ஏதோ தெரிந்திருக்கிறது. இனிமேல் தூசி உள்ளே போகவே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவருக்கு இரண்டு பெண்கள், இரண்டும் பள்ளிக்கூடம் போகின்றன.

"இது மிஷின் இல்லக்கா, எங்களுக்கு சாமி" என்று ஏழுமலை பலகையைக் காட்டினார். பூஜை செய்த பொருள்கள் வரிசையாக இருந்தன. உளி, சுத்தி, கிரைண்டர், அவற்றுக்கு நடுவில் முகமூடிகள். ரப்பரில் செய்தவை, இரண்டு கன்னத்திலும் வட்டமான ஃபில்டரும் தலைக்குப் பின்னால் மாட்ட வாரும் வைத்தவை. ஒவ்வொன்றிலும் பெயர் எழுதி, சந்தனம் குங்குமம் வைத்து, மேலே சாமந்திப் பூ. கண்ணாடிகளுக்கும் நட்ட நடுவில் பொட்டு வைத்திருந்தார்கள், போட்டால் எதிரே இருக்கிறவர் தெரிய மாட்டார். சிரிப்பு வந்தது. ஆனால் ஃபில்டர்களைப் பார்த்ததும் சிரிப்பு போய்விட்டது. அத்தனையும் வெள்ளை வெளேரென்று இருந்தன. கல் பட்டறையில் ஒரு வாரம் ஓடிய ஃபில்டர் சாம்பல் நிறத்தில் இருக்கும். இவள் பூஜைக்கென்று அங்கே வேலை செய்கிற பதினாறு பேருக்கும் புதிதாக மாற்றியிருக்கிறாள்! நான் ஒரு பெட்டி ஃபில்டர் கேட்டு மூன்று முறை மெயில் போட்டும் பதில் வராத ஆள். வயிறு திகுதிகுவென்று எரிந்தது.

பொறுக்க முடியாமல் ஏழுமலையிடம் கேட்டேன். "எல்லாமே புது ஃபில்டரா?"

அவர் முகம் மலர்ந்துவிட்டது. "புதுசு மாதிரி இருக்குதா? அதான் இல்லக்கா! வாராவாரம் ரப்பரை மட்டும் கழட்டி சோப்பு போட்டு கழுவுவோம், ஃபில்டரைத் தொட மாட்டோம். பூஜைன்னா எல்லாத்தையும் சுத்தபத்தமா வெக்கணுமில்ல? முந்தாநாள் சாயங்காலம் ஃபில்டரையும் சோப்புத் தண்ணில ஊறப் போட்டு, பிரஷ்ஷால தேய்ச்சு, நேத்து காலைல வெயில்ல காய வெச்சேன். அழுக்கு எவ்ளோ போச்சு தெரியுமா? தண்ணி கருப்பாப் போச்சு."

ஐயையோ என்று மனசு சொல்ல வேண்டும். சொல்லவில்லை. என் மனசு சொன்னது: மாட்டினாடி!

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்த மாதிரி ஃபில்டருக்குள் இருக்கிற இழைகளில் லேசான மின்னூட்டம் உண்டு. கண்ணுக்குத் தெரியாத பொடித் தூசியை இழுத்துப் பிடிப்பது அதுதான். சோப்புத் தண்ணீர் பட்டால் அது போய்விடும், இழைகளும் கலைந்துவிடும். பார்க்கப் பளிச்சென்று இருக்கும், மூச்சும் சுலபமாக வரும், முகத்தில் சரியாக ஒட்டிக்கொண்டும் இருக்கும். தூசி மட்டும் தாராளமாக உள்ளே போய்க்கொண்டிருக்கும். அழுக்கான ஃபில்டரைவிட இந்தச் சுத்தமான ஃபில்டர்தான் ஆபத்து.

அதற்குள் ஷமீம், "நேரம் வந்துடுச்சு, எல்லாரும் போட்டுக்கோங்க" என்று குரல் கொடுத்தாள். பக்கத்துப் பட்டறை முதலாளிகள் இரண்டு பேர் பொரி, சுண்டல் தின்றபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஏழுமலை முகமூடியை மாட்டி, ஃபில்டர்களின் மேல் உள்ளங்கையை வைத்து மூச்சை இழுத்து, பக்கவாட்டில் காற்று கசிகிறதா என்று பார்த்தார். யாரும் சொல்லாமலே பார்த்தார். அந்த அழகுக்கும் ஒரு எரிச்சல் வந்தது எனக்கு. அவர் கை சுவிட்சுக்குப் போனது.

"நிறுத்துங்க!" என்று கத்தினேன். "ஷமீம், உன் ஃபில்டர் பூராவும் வேஸ்ட்! அத்தனையும் சோப்புப் போட்டுக் கழுவியிருக்காங்க. இதுக்குத் துண்டைக் கட்டிக்கிட்டே அறுக்கலாம்!"

தனியாகக் கூப்பிட்டு, மெதுவாகச் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. பக்கத்துப் பட்டறைக்காரர்கள் காதில் நன்றாக விழட்டும் என்றுதான் சொன்னேன். என் குரலில் இருந்த சந்தோஷம் எனக்கே கேட்டது.

பக்கத்துப் பட்டறைக்காரர் ஒருவர், "இதுக்குத்தான் நாங்க இதெல்லாம் வாங்கறதே இல்ல" என்று பொரியை மென்றபடி சொன்னார். ஏழுமலை முகமூடியைக் கழற்றிக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே நின்றார். "நானா கெடுத்துட்டேன்? சாமிக்குன்னுதானே..." என்றார்.

ஷமீம் அழுவாள், இல்லையென்றால் என்மேல் பாய்வாள் என்று எதிர்பார்த்தேன். அவள் நேராக வந்து ஏழுமலை கையிலிருந்த ஃபில்டரை முகர்ந்து பார்த்தாள்.

"சோப்பு வாசனை அடிக்குது. இவ சொல்றது சரி" என்றாள். "ஏழுமலண்ணே, நீ ஒன்னும் கெடுக்கல. ரப்பரைக் கழுவுன்னு சொன்னேன், இதை ஏன் கழுவக்கூடாதுன்னு நான் சொல்லவே இல்ல. என் தப்பு. புது ஃபில்டர் வர்ற வரைக்கும் யாரும் மிஷினைத் தொட வேணாம். சம்பளம் நிக்காது."

"அக்கா, நல்ல நாள் அதுவுமா மிஷினை எடுக்காம வெக்கக்கூடாதுக்கா" என்றார் ஏழுமலை பதறிப்போய். "ஒரே ஒரு கோடு. மூச்சை அடக்கிக்கிட்டு இழுத்துர்றேன்."

"உன் எக்ஸ்ரேவைப் பாத்தது நான். ஒரு மூச்சு கூட வேணாம்."

மிஷின் எடுக்காவிட்டால் இந்த வருஷம் எது நடந்தாலும் அது இதனால்தான் என்று ஏழுமலை மனசு அடித்துக்கொள்ளும். பாய் வீட்டுப் பெண் பூஜையை நிறுத்திவிட்டாள் என்று வெளியே பேச்சு கிளம்பவும் நேரமாகாது. ஷமீமுக்கு இரண்டும் தெரியும். அவள் ஆபீஸ் அறைக்குள் ஓடி, பீரோவைக் குடைந்து, பிரிக்காத உறையில் ஒரே ஒரு ஜோடி ஃபில்டர் கொண்டுவந்தாள். ஏழுமலை முகமூடியில் தானே மாட்டினாள். அவர் பழக்கதோஷத்தில் சந்தனக் கிண்ணத்தை எடுத்தார்.

"ஐயோ, அதுமேல வேணாம்! வாருமேல வை, சாமி கோச்சுக்காது" என்றாள்.

எல்லாரும் சிரித்துவிட்டார்கள். மற்றவர்களை வெளியே அனுப்பிவிட்டு, தண்ணீரை நன்றாகத் திறந்துவிட்டு, ஏழுமலை ஒரு பலகைக் கல்லில் ஒரு கோடு இழுத்தார். கல் சுத்தமாக இரண்டானது. வெளியே கற்பூரம் காட்டினார்கள். பிறகு ஷமீம் கழுவின ஃபில்டர் அத்தனையையும் எல்லார் எதிரிலும் கத்தரிக்கோலால் வெட்டிப் போட்டாள், யாரும் மறந்தாற்போல எடுத்து மாட்டிவிடக் கூடாதாம். ஏன் வெட்டுகிறாள் என்று பதினாறு பேரும் கேட்டார்கள், பதினாறு பேருக்கும் சொன்னாள். பொரி தின்றவர் கிளம்பும்போது, "அந்த ரப்பர் மூடி எங்க கெடைக்குதும்மா?" என்று கேட்டுவிட்டுப் போனார். அவள் குறையை நான் ஊரறியச் சொன்னதில் அவளுக்கு இன்னும் ஒரு ஆள் சேர்ந்துவிட்டார்! என் ராசியைப் பாருங்கள்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டு வரை அவளே கொண்டுவந்து விட்டாள். பஸ்ஸுக்குக் காத்திருக்கும்போது கேட்டேன். "இத்தனை வருஷம் இல்லாம இந்த வருஷம் என்னை எதுக்குக் கூப்பிட்டே?"

"நீ எம்மேல வயித்தெரிச்சல்ல இருக்குறன்னு தெரியும்."

"யாரு சொன்னா?"

"யாரு சொல்லணும்? நான் படம் போட்டா எல்லாரும் ஒடனே ஹார்ட் போடுறாங்க. நீ மட்டும் ரெண்டு நாள் கழிச்சு ஒரு கட்டை விரல் போடுவ." அவள் கோபமே இல்லாமல் சிரித்தாள். "வர்றவங்க எல்லாம் சூப்பர் சூப்பர்னு சொல்லிட்டு பிரியாணி சாப்ட்டுட்டுப் போறாங்கடி. எனக்கு பயமா இருந்துது. பதினாறு பேரு மூச்சு என் கையில இருக்குது. எதையோ உட்டுட்டேன்னு தோணுது, எதுன்னு தெரியல. பிரியமானவங்க கண்ணுக்கு அது தெரியாது. நோண்டி நோண்டிப் பாக்க உன்னை உட்டா எனக்கு வேற ஆளு இல்ல."

கோபப்படலாமா, வேண்டாமா என்று நான் முடிவு செய்வதற்குள் பஸ் வந்துவிட்டது. என் பொறாமையைக்கூட எடுத்து வேலைக்கு வைத்துக்கொண்டுவிட்டாளே, பாவி!

செஞ்சிக்குப் போகிறவர்களுக்கு: அக்டோபரிலேயே வெயில் சுடுகிறது, காலை ஒன்பதுக்கே மலையில் கால் வையுங்கள். ராஜகிரியில் மதியத்துக்கு மேல் ஏற விடமாட்டார்கள். தண்ணீர் இரண்டு லிட்டர் எடுத்துக்கொள்ளுங்கள், மேலே கடை இல்லை. திரும்புவதற்கு மூன்றரை மணி பஸ் வசதி, கிளாம்பாக்கத்துக்கு ஏழு மணிக்குள் வந்துவிடும்.

பட்டறை, ஆலை வைத்திருப்பவர்களுக்கு: கழுவக்கூடியது எது, கழுவக்கூடாதது எது என்று வாங்கும்போதே கேட்டுத் தெரிந்துகொண்டு, காரணத்தோடு ஆட்களுக்குச் சொல்லுங்கள். ஆயுத பூஜைக்கு முந்தின நாள் இன்னொரு தடவை சொல்லுங்கள். பொட்டை ஃபில்டரிலும் கண்ணாடியிலும் வைக்காமல் வாரில் வைக்கச் சொல்லுங்கள். பிரிக்காத ஃபில்டர் பீரோவில் ஒரு ஜோடி இருந்தால் போதாது, எல்லாருக்கும் இருக்க வேண்டும். எல்லாம் சரியாக இருக்கிறது என்று தோன்றினால், உங்கள்மேல் வயிற்றெரிச்சலில் இருக்கிற ஒருவரைக் கூப்பிட்டுச் சுற்றிக் காட்டுங்கள்.

இந்தக் கடைசி யோசனையை முதலில் நான்தான் செய்து பார்ப்பதாக இருந்தேன். எங்கள் ஆலைக்கு யாரைக் கூப்பிடலாம், என்மேல் யாருக்கெல்லாம் பொறாமை என்று பஸ்ஸில் உட்கார்ந்து ஒவ்வொரு முகமாக நினைத்துப் பார்த்தேன். வகுப்பில் படித்தவர்கள், கூட வேலை செய்கிறவர்கள், சொந்தக்காரர்கள் எல்லாரையும் நினைத்துப் பார்த்தாயிற்று. பஸ் திண்டிவனம் தாண்டி, மேல்மருவத்தூரும் தாண்டிவிட்டது. ஒருத்தர்கூட இல்லை.